ஜோயலின் வலது முட்டி

மண்ணூர் நியூ ஸ்டார் அணி தோற்றால் அருள்பாண்டிக்குக் காரணம் வேண்டும். ஜெயித்தாலும் வேண்டும். காரணமில்லாமல் ஒரு கோல் விழுந்தது என்று யாராவது சொன்னால், அப்பா அம்மா இல்லாமல் ஒரு பிள்ளை பிறந்தது என்று சொன்னதுபோலச் சிரிப்பான். விங்கில் ஆள் இல்லை, பேக் தூங்கிவிட்டான், கீப்பர் நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வந்து நிற்கிறான் என்று எதையாவது தோண்டி எடுத்து வெளியே போட்டால்தான் அவனுக்கு அன்றைய சோறு இறங்கும்.

இத்தனைக்கும் அவன் வாழ்நாளில் பந்தை உதைத்தது நாலைந்து தடவைதான் இருக்கும். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவன், மண்ணூரில் ஐந்து பேரோடு ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கத் தண்ணீர் வராத கோபத்தில் வெளியே நடந்தவன், ஏரிக்கரைக்குக் கீழே மைதானத்தில் உள்ளூர்ப் பையன்கள் ஆடுவதைப் பார்த்து நின்றான். அன்று ஜோயல் என்று ஒருவன், ஊதினால் பறந்துவிடுவான் போல இருந்தவன், மூன்று பேரைத் தாண்டிப் போய்க் கோல் போட்டான். அன்று பிடித்த பைத்தியம். மூன்று வருடமாக அருள்பாண்டி ஒரு மேட்ச்கூட விட்டதில்லை.

மேட்ச் முடிந்த சூட்டோடு ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடும் வாய்ஸ் மெசேஜ் ஒன்று போடுவான். குரூப்பில் நானூறு பேர். திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஒருவர் ஸ்பீக்கரில் போட, மற்றவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கேப்டன் சாம்சன் ஒருமுறை லெஃப்ட் பேக்கையே மாற்றினான். கார் கதவுக்குள் வைக்கும் பாகங்கள் செய்கிற கம்பெனியில் அருள்பாண்டி வெறும் ஏழாம் ஸ்டேஷன், கிளிப் மாட்டுகிற கை. குரூப்பிலோ அவன் வாத்தியார். இரண்டில் எது அவனுக்குப் பிடித்திருந்தது என்று கேட்கவே வேண்டாம்.

அந்த ஞாயிறு, படப்பை அணியோடு மேட்ச். சனிக்கிழமை சாயங்காலம் லைன் சூப்பர்வைசர் வசந்தகுமார் ஒரு பேப்பரோடு வந்தார்.

"அருளு, நாளிக்கு ஓ.டி. காலைல ஆறு டு சாய்ந்திரம் ஆறு. ஆளே இல்லபா, கண்டிப்பா வரணும்."

"சார், நாளைக்கு மேட்ச் இருக்குல்லா."

"மேட்ச் அடுத்த வாரமும் வரும். கன்ஃபர்மேஷன் லிஸ்ட் வருஷத்துக்கு ஒருவாட்டிதான் வரும்."

ஏழு வருடம் டிரெய்னி, டெம்பரரி என்று பெயர் மாறி மாறி ஓட்டியவன். வேலையை நிரந்தரமாக்கும் அந்த லிஸ்டில் இந்த வருடம் பெயர் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

ஞாயிறு முழுவதும் போன் லாக்கரில். நாலு மணிக்குப் பந்து உருண்டிருக்கும் என்று நினைத்தபோது கிளிப்பை இரண்டு தடவை தலைகீழாக மாட்டினான். ஆறேகாலுக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தால் நூறு மெசேஜ். ஒன்றுக்கு ஒன்று, டிரா. ஜோயல் ஆளில்லாத கோலை விட்டுவிட்டானாம். ஜோயலுக்கு என்ன ஆச்சு, ஃபார்ம் போய்விட்டதா, வாத்தியாரே வாய்ஸ் எப்போது என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தார்கள். கூடவே யாரோ எடுத்த நாற்பது விநாடி வீடியோ. அதில் ஜோயல் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். வலது முட்டியில் கை வைத்திருந்தான். படப்பையின் ஐந்தாம் நம்பர்க்காரன் பக்கத்தில் நின்றிருந்தான். அவ்வளவுதான் வீடியோ.

'நான் இன்னிக்கு வரல' என்று மூன்று வார்த்தை டைப் அடித்திருக்கலாம். அடிக்கத்தான் செய்தான். அடித்து, பார்த்து, அழித்துவிட்டான். மண்ணூர் நிறுத்தத்தில் இறங்கி பேக்கரிக்குப் பின்னால் போய் நின்று மைக்கை அழுத்தினான்.

"மக்களே, அருள்பாண்டி பேசுதேன். இன்னிக்கு டிரான்னு சொல்லுதாவ. நான் தோல்வின்னு சொல்லுவேன். சொந்த கிரவுண்டுல படப்பைய ஜெயிக்கலன்னா அதுக்குப் பேரு என்ன? ரெண்டு பேக்கும் மேல ஏறுதானுவ, எறங்க மாட்டேங்கானுவ. நடுவுல சாம்சன் ஒத்தையில கெடந்து நாய் படாத பாடு படுதான். இத நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. இப்ப ஜோயலுக்கு வருவோம். மூணு மேட்ச்சா கோல் இல்ல. ஃபார்ம் போச்சு, ஃபார்ம் போச்சுங்கீய. ஃபார்ம்னா என்ன, டவுன் பஸ்ஸா, அதுபாட்டுக்கு வரதுக்கும் போறதுக்கும்? காரணம் இருக்கு. அவன் வலது முட்டி. செகண்ட் ஹாஃப்ல படப்பை அஞ்சாம் நம்பரு குறுக்க வந்து விழுந்தாம் பாத்தியளா, அங்கன போச்சு. அதுக்கப்புறம் பையன் வலது கால ஊனவே இல்ல. என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஒரு மாசம் அவன உக்கார வைங்க. இல்லன்னா கால் போயிரும், சொல்லிட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன்னை மட்டும் கெடுத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. குரூப்பில் கைதட்டல் படங்களாக வந்து விழுந்தன. 'வாத்தியார் கண்ணு கண்ணுதான்' என்று ஒருவர் போட்டார். அருள்பாண்டி அன்று நிம்மதியாகத் தூங்கினான்.

ஜோயலும் அதே கம்பெனியில்தான், கான்ட்ராக்டில். லைனுக்குப் பாகங்கள் ஏற்றிய டிராலியைத் தள்ளுகிற வேலை. செவ்வாய்க்கிழமை செகண்ட் ஷிஃப்டில் அவன் ஒரு டிராலியைச் சரிவில் நிறுத்தி பிரேக்கை மிதித்தான். பிரேக் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று அவனே போன வாரம் சொல்லியிருந்தான். அரை டன் பாரத்தோடு டிராலி உருண்டு வந்து, அவனுடைய வலது முட்டியை இரும்பு ரேக்கோடு சேர்த்து நசுக்கியது. பக்கத்தில் யாரும் இல்லை. சத்தம் கேட்டு வந்த வசந்தகுமார் அவனை ஃபர்ஸ்ட் எய்ட் அறைக்குக் கூட்டிப் போகவில்லை. அங்கே போனால் ரெஜிஸ்டரில் எழுதுவார்கள். எழுதினால் வாசலில் இருக்கிற 'விபத்தில்லா நாட்கள்' பலகை பூஜ்யத்துக்குப் போகும். பலகை அன்று இருநூற்றுத் தொண்ணூற்றாறு. முந்நூறாவது நாளில் கார் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. தன் பைக்கிலேயே ஏற்றி ஒரு தனியார் கிளினிக்கில் கட்டுப் போட்டு வீட்டில் இறக்கிவிட்டார்.

மறுநாள் அந்த முட்டி பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜோயலின் அக்கா அறிவுமதி, அருள்பாண்டியின் அறை வாசலுக்கே வந்துவிட்டாள். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை, யூனிஃபார்மை மாற்றாமலே வந்திருந்தாள். அறையில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"இ.எஸ்.ஐ.ல ஆபரேஷன் பண்ணணும்னு சொல்ட்டாங்கண்ணே. ஆறு மாசம் நடக்கக் கூடாதாம். வேலைல பட்ட அடின்னு கம்பெனி எழுதிக் குடுத்தா, அவன் எழுந்து நடக்கற வரிக்கும் சம்பளத்துக்குப் பதிலா காசு வரும், வேலையும் நிக்கும். ஃபுட்பால்ல பட்டதுன்னா கான்ட்ராக்டர் நாளிக்கே வேற ஆளப் போட்டுக்குவாரு. இப்ப கம்பெனில இன்னா சொல்றாங்க தெரியுமா? உன் வாய்ஸப் போட்டுக் காட்டறாங்க. ஞாயித்துக்கெழமயே முட்டி போச்சுன்னு உங்க ஆளே சொல்லிகீறாருன்றாங்க."

அருள்பாண்டி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"சாம்சன் எழுதிக் குடுத்தாம்ப்பா, அடியே படலன்னு," என்றாள் அவள். "கூட ஆடறவன், அவனுக்கு சப்போர்ட்டாதான் சொல்லுவான்னு தள்ளிட்டாங்க. உன் வாய்ஸு செவ்வாக்கெழமைக்கு முன்னாடியே வந்ததாம். அப்ப யாருக்கும் பொய் சொல்ல அவசியமே இல்லியாம். அதனால அதுதான் உண்மையாம்." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "நீ சொல்லுண்ணே. நெஜமாவே பாத்தியா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசலில் ஒரு பெண் நின்று கேட்கிறாள், நானூறு பேர் இல்லை, ஒரே ஒருத்தி. அவனுக்கு நாக்கு எழவில்லை. எழுந்தபோது வேறு பக்கம் எழுந்தது.

"லேசா நொண்டுன மாதிரிதாம்மா இருந்திச்சி," என்றான்.

அறிவுமதி இறங்கிப் போனாள். அவளுடைய தலை தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றவன், உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டினான். திட்டி என்ன பிரயோஜனம், போனவளைக் கூப்பிடத் தைரியம் இல்லை.

அந்த ஞாயிறு ஜோயல் இல்லாமல் நியூ ஸ்டார் இரண்டு கோல் வாங்கித் தோற்றது. அருள்பாண்டி ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்று முழு மேட்ச்சையும் பார்த்தான். பேக்குகள் இறங்கவில்லை, சாம்சன் நடுவில் திணறினான், முன்னால் பந்தை வாங்கி நிறுத்த ஆளே இல்லை. எல்லாம் அவன் சொன்னபடியே நடந்தது. சொன்னது பலித்ததில் அவனுக்கு முதல் தடவையாகச் சந்தோஷம் வரவில்லை. வாய்ஸ் கேட்டவர்களுக்குத் தலைவலி என்று பதில் போட்டான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. பத்தரைக்கு வசந்தகுமார் ஏழாம் ஸ்டேஷனுக்கு வந்து, மாற்று ஆளை நிறுத்திவிட்டு, அவனைக் காபி மெஷின் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். தானே ஒரு காபி பிடித்துக் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லபா. ஸ்ரீதர் சார் ஆடியோவப் போடுவாரு. இது என் வாய்ஸு, நான் பாத்தேன்னு ரெண்டு வார்த்த. கையெழுத்து. முடிஞ்சிது."

"சார், அந்தப் பையன்…"

"அந்தப் பையனுக்கு கம்பெனி ஏதாவது பண்ணும், நான் பேசறேன். நீ உன்னப் பாரு. லிஸ்ட்டு வெள்ளிக்கெழம போட்டுடுவாங்க." வசந்தகுமார் காபியை ஊதிக் குடித்தார். "இன்னா கண்ணுபா உனக்கு! நானும் அந்த குரூப்ல கீறேன், தெரியுமில்ல. விடாம கேக்கறேன். அந்த படப்பை மேட்ச்ச நீ சொன்ன மாதிரி யாரு சொல்லுவா?"

அருள்பாண்டி நிமிர்ந்து பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஞாயித்துக்கெழம நீ எங்க இருந்தன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஓ.டி. லிஸ்ட்டு போட்டவன் நான்தானே? குரூப்புல இருக்கற நானூறு பேருக்கு அது எதுக்கு? நான் மூச்சு வுட மாட்டேன். நீயும் வுடாத."

அருள்பாண்டி காபியைக் குடிக்காமலே மெஷின்மேல் வைத்தான்.

விசாரணை அறையில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. மேசைக்குத் தலைமாட்டில் எச்.ஆர். அதிகாரி ஸ்ரீதர், கண்ணாடி போட்ட மென்மையான மனிதர். யாரையும் 'நீ' என்று சொல்லமாட்டார், ஆளைத் தூக்குவதென்றாலும் மரியாதையாகத் தூக்குவார். அவருக்கு இடது பக்கம் கான்ட்ராக்டரின் ஆள் மோகன், வலது பக்கம் வசந்தகுமார். எதிரே ஜோயல். வலது காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்திருந்தான். இரண்டு ஊன்றுகோல்கள் சுவரில் சாய்ந்திருந்தன. அருள்பாண்டியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"வாண்ணா," என்றான்.

ஸ்ரீதர் போனை மேசை நடுவில் வைத்து ஆடியோவை ஓடவிட்டார். தன் குரலைத் தானே கேட்பது அருள்பாண்டிக்குப் புதிதில்லை. போட்ட வாய்ஸை நாலு தடவை போட்டுக் கேட்டு ரசிக்கிற ஆள்தான். இன்று அந்தக் குரல் ஏதோ சந்தையில் லேகியம் விற்கிறவனுடையது போல இருந்தது. 'என் ரெண்டு கண்ணால பாத்தேன்' என்று அது சொன்ன இடத்தில் ஸ்ரீதர் நிறுத்தினார்.

"அருள்பாண்டி, இது உங்க குரல்தானே?"

"ஆமா சார்."

"குட். ஜோயல், நீங்க ஏதாவது சொல்லணுமா? டிராலி விஷயத்துக்கு சாட்சி யாரும் இல்ல. பிரேக் ரிப்போர்ட்டும் பேப்பர்ல இல்ல. இவர் உங்க எதிரி இல்ல, உங்க டீமோட ரசிகர். சம்பவத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லியிருக்கார்."

ஜோயல் தன் முட்டியைப் பார்த்தான். கோபப்படுவான், கத்துவான் என்றுதான் அருள்பாண்டி எதிர்பார்த்தான். கத்தினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"டிராலி இடிச்சிது சார். அது நெஜம்," என்றான் ஜோயல். "ஆனா அன்னிக்கு அண்ணன் வாய்ஸக் கேட்டுட்டு, வூட்ல நான் முட்டிய அமுக்கி அமுக்கிப் பாத்தேன். வலியே இல்ல. ஷூவுக்குள்ள கல்லு போயிடுச்சின்னுதான் கிரவுண்டுல உக்காந்தேன், முட்டியப் புடிச்சிகினு எழுந்தேன். அவ்ளோதான் எனக்கு ஞாபகம். ஆனா அண்ணன் சும்மா சொல்லாது சார். எனக்கே தெரியாம உள்ள எதுனா போயிருக்கும்போல. ஏற்கெனவே போன முட்டியா இருக்கறதாலதான் டிராலி பட்டதும் இவ்ளோ ஆயிடுச்சோ, இன்னாவோ. அண்ணன் கண்ணு தப்பாது."

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்," என்றார் மோகன் அவசரமாக.

ஸ்ரீதர் ஒரு தாளை ஜோயல் பக்கம் நகர்த்தினார். விளையாட்டின்போது ஏற்பட்ட காயம், நிறுவனத்துக்கு இதில் பொறுப்பில்லை என்று அச்சடித்திருந்தது. பேனாவை மேலே வைத்தார். வசந்தகுமார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜோயல் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினான்.

அருள்பாண்டி அந்த விரல்களைப் பார்த்தான். தன் உடம்பில் வலி இல்லை என்று தனக்கே தெரிந்த ஒருவன், வலி இருந்ததாக அடுத்தவன் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடப் போகிறான். அடுத்தவன் என்றால் யார்? பேக்கரிக்குப் பின்னால் நின்று கதை விட்டவன். அவனுக்குத் தன்மேல் வந்த அருவருப்பில் பயம் கொஞ்சம் பின்னால் போனது.

"ஜோயலு, போடாத," என்றான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"சார், நான் அந்த மேட்ச்ச பாக்கல."

ஸ்ரீதர் கண்ணாடியைச் சரிசெய்தார். "ரெண்டு கண்ணால பார்த்தேன்னு சொல்லியிருக்கீங்க."

"பொய்யி சார். நான் கிரவுண்டுக்கே போகல. யாரோ போட்ட வீடியோவுல இவன் முட்டியப் புடிச்சிட்டு உக்காந்திருந்தான். கோல் அடிக்கலன்னா ஒரு காரணம் சொல்லணும்லா. அதச் சொன்னேன். மத்த எல்லாம் நான் கட்டுனது."

"சார், ஃப்ரெண்டுக்காக இப்ப மாத்திப் பேசறான்," என்றார் மோகன். "அப்ப சொன்னது பொய்யின்னா இப்ப சொல்றது மட்டும் நெஜமா?"

"எதுக்கு என் வாய்ச்சொல்ல நம்புதீய?" என்றான் அருள்பாண்டி. "வாசல் கேட்டுல இருக்க பஞ்ச் மெஷின்ல பாருங்க. அந்த ஞாயித்துக்கெழம காலைல அஞ்சே முக்காலுக்கு என் விரல வச்சேன். சாயந்தரம் ஆறு அஞ்சுக்கு வச்சேன். மேட்ச்சு நாலு மணிக்கு. நான் ஏழாம் ஸ்டேஷன்ல கிளிப்பு மாட்டிட்டு இருந்தேன். ஓ.டி. போட்டது இந்தா இருக்காரே, வசந்தகுமார் சார்தான். அவருக்கு மொதல்லயே தெரியும்."

வசந்தகுமார் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் காது மட்டும் சிவந்தது.

ஸ்ரீதர் லேப்டாப்பைத் திறந்தார். எண் கேட்டார், அருள்பாண்டி சொன்னான். ஸ்ரீதர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வசந்தகுமாரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சொந்த மெஷின் சொல்வதை அவர் இல்லை என்று சொல்ல முடியாது. தான் ஒரு பொய்யை மேசைமேல் வைத்து விசாரணை நடத்தியது மேலிடத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றும் அவர் கணக்குப் போட்டிருப்பார்.

"ஆடியோ அந்த குரூப்ல அப்படியேதான கீது," என்று மோகன் கடைசியாக ஒன்று எறிந்துபார்த்தார். "நாளிக்கு எங்க வேணா போட்டுக் காட்டலாம் நாங்க."

அருள்பாண்டி தன் போனை எடுத்தான். குரூப்பைத் திறந்தான். மைக்கின்மேல் கட்டை விரலை வைத்தான். அறையில் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அழுத்தினான்.

"அருள்பாண்டி பேசுதேன். படப்பை மேட்ச்சுக்கு நான் போகல. ஓ.டி.ல இருந்தேன். ஜோயல் முட்டியப் பத்தி நான் சொன்னது அம்புட்டும் பொய்யி. நான் ஒன்னும் பாக்கல. மன்னிச்சிருங்க."

பதினைந்து விநாடி. அவன் போட்டதிலேயே சின்ன வாய்ஸ். இரண்டாவது டிக் விழுவதற்குள் வசந்தகுமாரின் சட்டைப் பையிலும் ஜோயலின் மடியிலும் போன் 'டிங்' என்றது.

ஸ்ரீதர் அந்தத் தாளை இழுத்து மடித்துக் கோப்புக்குள் வைத்தார். டிராலியின் பிரேக்கை இன்றைக்கே யாராவது பார்க்க வேண்டும் என்றார். விபத்து அறிக்கை சாயங்காலத்துக்குள் இ.எஸ்.ஐ.க்குப் போகும், அறிவுமதியை வந்து நகல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். பிறகு அதே மென்மையோடு, "அருள்பாண்டி, உங்களைப் பத்தியும் நான் ஒரு நோட் எழுதவேண்டியிருக்கும்," என்றார். கன்ஃபர்மேஷன் லிஸ்ட் பற்றி யாரும் பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை.

வெளியே வராந்தாவில் ஜோயல் இரண்டு ஊன்றுகோல்களையும் கக்கத்தில் கொடுத்து மெதுவாக வந்தான். அருள்பாண்டி பக்கத்திலேயே, பிடிக்கவும் தைரியமில்லாமல் விடவும் மனமில்லாமல் நடந்தான். அவன் போன் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. ஒருமுறை எடுத்துப் பார்த்தான். 'த்தூ' என்று ஒருவர். 'அப்ப மூணு வருஷமா சொன்னதெல்லாம்?' என்று ஒருவர். குரூப்பை விட்டு விலகியவர்களின் பெயர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. போனை அணைத்துப் பையில் போட்டான்.

ஆட்டோ வரும்வரை செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்துத் திண்டில் உட்கார்ந்தார்கள். ஜோயல் திட்டுவான் என்று அவன் காத்திருந்தான். நன்றி சொல்லிவிடுவானோ என்றும் பயமாக இருந்தது. ஜோயல் இரண்டும் செய்யவில்லை.

"அப்போ நான் அன்னிக்கு எப்டிண்ணா ஆடுனேன்?" என்றான்.

அருள்பாண்டிக்கு முதலில் புரியவில்லை.

"ஞாயித்துக்கெழம. படப்பை மேட்ச்சுல." ஜோயல் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கோல் மிஸ் பண்ணது தெரியும். அத வுடு. எனக்கு இன்னாவோ அன்னிக்கு நல்லா ஓடுன மாதிரி இருந்திச்சி. ரெண்டு பேரை வெட்டிகினு போயி ஒரு பாஸ் குடுத்தேன், அது எனக்கே புடிச்சிது. அப்புறம் உன் வாய்ஸக் கேட்டதும் சரி, நமக்குத்தான் தெரில, நல்லா ஆடலபோலன்னு நெனச்சிகினேன். டாக்டரு இனிமே ஓடறது கஷ்டம்னு சொல்லிகினு கீறாரு. அப்ப அதுதான் லாஸ்ட்டு மேட்ச்சு. அதான் கேட்டேன். நல்லா ஆடுனனா?"

காரணம் தெரியாமல் ஒரு கோலைக்கூட விடாதவன், மூன்று வருடமாக ஜோயலின் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவனுக்கு முன்னாலேயே சொன்னவன், வாயைத் திறந்தான். 'நல்லா ஆடுனடா' என்று சொல்லிவிட எவ்வளவோ ஆசையாக இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியாது ஜோயலு," என்றான். "நான் பாக்கல."

ஜோயல் தலையை ஆட்டிக்கொண்டான். "கோலுக்குப் பின்னால, நீ எப்பவும் நிக்கற எடத்துல கூட்டமா இருந்திச்சி. நீ அங்கதான் எங்கயோ நின்னுகினு இருப்பன்னு நெனச்சிதான்ணா செகண்ட் ஹாஃப் ஃபுல்லா அந்தப் பக்கமே ஓடினு இருந்தேன்," என்றான்.

அருள்பாண்டிக்கு அழுகை வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம், கேட்டில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்கவே அழுதான்.